தேயிலை மலையில் இருந்துகொண்டே தெலமார்க்: வீடியோ பார்த்துப் பழகுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அக்கா கல்யாணமாகி ஒஸ்லோவுக்குப் போன பிறகு நான் இரண்டு குளிர்காலம் அவர்கள் வீட்டில் தங்கியிருக்கிறேன். முதல் தடவை மச்சான் என்னைத் தெலமார்க் என்கிற ஒரு வகைப் பனிச்சறுக்குப் பலகையில் ஏற்றிவிட்டார். ஆறு வாரம் விடாமல் முயன்றேன், இடது பக்கம் ஓரளவு திரும்ப வந்தது, வலது பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் விழுந்தேன். அப்புறம் ஊருக்கு வந்துவிட்டேன். ஏப்ரலில் இருந்து டிசம்பர் வரை இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்தில், பனி என்றால் ஜனவரி விடியலில் புல் மேல் படிகிற உறைபனி மட்டும்தான் என்கிற மலையில், இருந்தேன். அடுத்த முறை போய்ப் பலகையைக் கட்டிய இரண்டாம் நாளே வலது திருப்பம் வந்துவிட்டது.

இடையில் எனக்கு ஆசிரியர் யாரும் இல்லை. போனில் இறக்கி வைத்த மூன்று வீடியோவும், எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மேலே ஏறுகிற குறுக்குப்பாதையும், அம்மாவின் கண்ணும் இருந்தன, அவ்வளவுதான். அந்த எட்டு மாதத்தில் என்ன செய்தேன், எதை வீணாகச் செய்தேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் நோர்வே, சுவிஸ், கனடா என்று போகிறார்கள். போன இடத்தில் எல்லோரும் பனியில் இறங்கும்போது நமக்கு இது வராது என்று வீட்டுக்குள் இருந்துவிடுகிறார்கள். சரிவில் நடந்து வளர்ந்த நமக்குத்தான் இது சீக்கிரம் வர வேண்டும், அதை நான் மனதார நம்புகிறேன்.

முதலில், எதைப் பழகப் போகிறோம்

சாதாரண மலைச்சறுக்கில் பூட்ஸின் முன்பக்கம், குதிகால் இரண்டும் பலகையோடு இறுகப் பூட்டப்படும். தெலமார்க்கில் முன்பக்கம் மட்டும்தான் பூட்டப்படும், குதிகால் சுதந்திரமாக மேலே எழும். அதனால் திரும்புகிற விதமே வேறு. திருப்பத்தின் வெளிப்பக்கக் கால் முன்னே போகும், உட்பக்கக் கால் பின்னே வரும், பின்காலின் குதி எழும், இரண்டு முழங்காலும் மடியும். பாதி மண்டியிட்ட மாதிரி ஒரு நிலை. வலது பக்கம் திரும்பினால் இடது கால் முன்னே, இடது பக்கம் திரும்பினால் வலது கால் முன்னே. இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வீடியோ பார்க்கும்போது குழப்பமே வராது. ஒலிம்பிக்கில் பனித்தாவல் பார்த்திருப்பீர்கள், உயரத்தில் இருந்து பறந்து வந்து தரையைத் தொடும்போது ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே வைத்து இறங்குவார்கள், அந்த இறக்கத்துக்கும் தெலமார்க் என்றுதான் பெயர்.

தெலமார்க் என்பது தெற்கு நோர்வேயில் ஒரு பிரதேசம். அங்கே மோர்கெடால் என்ற ஊரில் 1825இல் பிறந்த சொன்ட்ரே நூர்ஹெய்ம், மரக்குச்சியை முறுக்கிக் குதிகாலைச் சுற்றிக் கட்டி, நடுவில் இடுப்புப் போலச் சிறுத்த பலகைகளில் சறுக்கிக் காட்டினார். 1868இல் கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், நடந்த போட்டியில் அவர்தான் வென்றார். நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால், இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டமான லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது 1867, அதற்கு மறுவருடம். அப்புறம் குதிகாலைப் பூட்டுகிற முறை உலகம் முழுக்கப் பரவி, தெலமார்க் ஒதுங்கிப் போனது. 1970களில் அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் சிலர் அதை மறுபடி கையில் எடுத்தார்கள். வீடியோ தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கதை உதவும், அதனால்தான் சொல்கிறேன்.

எந்த வீடியோ

நான் முதலில் செய்த பெரிய தவறு இங்கேதான். கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்தேன். ஒருவர் தாழ உட்காரச் சொல்கிறார், இன்னொருவர் நிமிர்ந்து நிற்கச் சொல்கிறார், மூன்றாமவர் முழங்கால் பலகையைத் தொடுகிற அளவுக்கு இறங்கிப் போகிறார். மூன்று பேரும் நன்றாகத்தான் சறுக்குகிறார்கள். யார் சொல்வது சரி என்று இரண்டு மாதம் குழம்பிய பிறகுதான் புரிந்தது, அவர்கள் காலில் இருப்பது வேறு வேறு சாமான்.

பழைய வீடியோக்களில் தோல் பூட்ஸ், மெலிந்த நீளமான பலகை. அந்தப் பூட்ஸ் கணுக்காலைத் தாங்காது, அதனால் சமநிலைக்காகக் கால்களை நீளமாக விரித்து, மிகத் தாழ்ந்து போனார்கள். 1992இல் ஸ்கார்பா நிறுவனத்தின் பிளாஸ்டிக் பூட்ஸ் வந்தது, 2007இல் ரொட்டெஃபெல்லா நிறுவனம் பூட்ஸைப் பலகையோடு பிணைக்கிற என்டிஎன் என்ற புதிய கட்டு முறையைக் கொண்டுவந்தது. பூட்ஸ் விறைப்பாக ஆக ஆக, பலகை அகலமாக ஆக ஆக, கால்கள் நெருங்கின, உடம்பு உயர்ந்தது. இன்றைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு அந்தக் காலத்து வீடியோவைப் பார்த்துத் தாழ்ந்தால் முழங்கால்தான் நோகும்.

அடையாளம் காண்பது எளிது. பூட்ஸின் நுனியைப் பாருங்கள். வாத்து அலகு போலத் தட்டையாக முன்னே நீட்டிக்கொண்டிருந்தால் அது 75 மில்லிமீற்றர் அளவுப் பழைய முறை. இன்றும் பலர் பாவிக்கிறார்கள், வாடகைக் கடைகளிலும் கிடைக்கும். அலகு இல்லாமல் சாதாரண பூட்ஸ் மாதிரி இருந்தால் பெரும்பாலும் என்டிஎன். அலகு இருந்தாலும் பூட்ஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் நமக்குப் போதும். தோல் பூட்ஸ் என்றால் ரசித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்.

அடுத்தது கோணம். எனக்கு மூன்று கோணம் தேவைப்பட்டது: கீழே நின்று எதிரே எடுத்தது, பக்கவாட்டில் எடுத்தது, பின்னால் தொடர்ந்து வந்து எடுத்தது. எதிரே எடுத்ததில் அவருடைய இடது கால் உங்களுக்கு வலது பக்கம் தெரியும், பார்த்தபடியே செய்தால் தலைகீழாகிவிடும். உடம்பால் பின்பற்றிச் செய்வதற்குப் பின்னால் இருந்து எடுத்ததுதான் நல்லது. கால் இடைவெளி பார்க்கப் பக்கவாட்டு, கையும் தோளும் பார்க்க எதிர்க்கோணம். தலைக்கவசத்தில் மாட்டுகிற சின்னக் கமெராக்களில் எடுத்ததை நம்பாதீர்கள், அதன் அகலமான லென்ஸ் செங்குத்தான சரிவையும் தட்டையாகக் காட்டும்.

ஆழமான புதுப்பனியில் பாட்டுப் போட்டுப் பறக்கிற வீடியோக்கள் ஆசையைத் தூண்டும், பாடம் தராது, கால் பனிக்குள் மறைந்திருக்கும். அழுத்திச் சமப்படுத்திய தளத்தில், மெதுவாக, ஒரே ஒரு திருப்பத்தை விளக்குகிற வீடியோ வேண்டும். ஒரே ஆசிரியருடையதாக இருந்தால் இன்னும் நல்லது, அவர் வார்த்தை உங்களுக்குப் பழகிவிடும். மூன்று வீடியோ போதும். எங்கள் தோட்டத்தில் சிக்னல் பணிய லயத்தில் ஒரு மாதிரி, மேட்டு லயத்தில் இன்னொரு மாதிரி, அதனால் டவுனுக்குப் போகிற நாளில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு

முதல் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். விளக்கம் காதில் விழுந்தால் கண் அந்த விளக்கத்தைத் தேடிப் போகும், நடப்பதைப் பார்க்காது. இரண்டாவது தடவை சத்தத்தோடு. மூன்றாவது தடவை யூடியூப்பில் வேகத்தை 0.25 ஆக்கி, ஒரே ஒரு திருப்பத்தை மட்டும், பத்து இருபது தடவை. கம்ப்யூட்டர் கிடைத்தால் நிறுத்தி வைத்துக்கொண்டு காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்திப் பாருங்கள், ஒவ்வொரு சட்டகமாக, அதாவது ஒவ்வொரு தனிப் படமாக, பின்னும் முன்னும் நகரும்.

எங்கே நிறுத்துவது? மூன்று இடம். இரண்டு பாதமும் ஒன்றையொன்று கடக்கும் நொடி. பலகை நேரே கீழ்நோக்கி நிற்கும் நொடி. திருப்பம் முடிகிற நொடி. நேரே கீழ்நோக்கி என்றால், அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் எந்த வழியாக ஓடுமோ அந்தக் கோடு. சறுக்கில் எல்லாக் கணக்கும் அந்தத் தண்ணீர்க் கோட்டை வைத்துத்தான்.

இப்போது இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான விஷயம். நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் பின்காலை மட்டும் பாருங்கள். கண் தானாகவே முன்காலுக்குப் போகும், அதுதான் அழகாக மடிந்து முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறது. என் கண்ணும் அங்கேதான் ஆறு மாதம் இருந்தது. ஆனால் நன்றாகச் சறுக்குகிறவரின் பின்காலை உற்றுப் பாருங்கள். பாதத்தின் முன்பகுதி பலகையை அழுத்திக்கொண்டிருக்கும். குதி கொஞ்சம்தான் எழுந்திருக்கும். முழங்கால் இடுப்புக்கு நேர்கீழே இருக்கும், பின்னால் தொங்காது. பின்பலகை சுண்டுவிரல் பக்க விளிம்பில் சாய்ந்து பனியை வெட்டும், முன்பலகை பெருவிரல் பக்க விளிம்பில் வெட்டும், இரண்டும் ஒரே கோணத்தில். பின்பலகையில் இருந்தும் பனி சிதறுகிறதா என்று பாருங்கள். சிதறினால் அந்தக் காலில் பாரம் இருக்கிறது. தொடக்கக்காரரின் வீடியோவில் முன்பலகை மட்டும்தான் பனியைச் சிதறடிக்கும்.

இதை எனக்குச் சொன்னது அம்மா. என் முதல் குளிர்காலத்து வீடியோவைச் சாப்பாட்டு நேரத்தில் போட்டுக் காட்டினேன். அம்மாவுக்குத் தெலமார்க் என்ற சொல்கூடத் தெரியாது. இரண்டு தடவை பார்த்துவிட்டு, "பின்னங்கால்ல பாரமே இல்லையேப்பா, சும்மா இழுத்துக்கிட்டு வார்ற. அப்படிக் கூடையோட இறங்கினா தலைகுப்புற விழ வேண்டியதுதான்" என்றார். முப்பது வருடம் 15, 20 கிலோ கொழுந்தைச் சுமந்து ஈர மண்ணில் இறங்கியவர். மறுநாள் அவர் குறுக்குப்பாதையில் இறங்குவதை நான் போனில் எடுத்தேன், மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். முன்கால் மடிந்து வழி தேடுகிறது, பின்காலின் முன்பாதம் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, குதி எழுந்திருக்கிறது, முழங்கால் இடுப்புக்குக் கீழே. நோர்வே ஆசிரியரின் வீடியோவை நிறுத்திய படத்தையும் அம்மாவின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பனி இல்லாமல் பழகுவது

பழக மூன்று இடம் போதும்: வீட்டுத் தரை, எடை பார்க்கும் மெஷின், சரிவு.

வீட்டுத் தரையில், பாலிஷ் போட்ட சிமெந்து என்றால் ரொம்ப நல்லது, இரண்டு பாதத்துக்கும் கீழே மடித்த துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விளக்குமாற்றுக் கம்பை இரண்டு கையாலும் குறுக்காகப் பிடித்து, நெஞ்சுக்கு முன்னே நீட்டுங்கள். இப்போது கால்களை மாற்றுங்கள். எப்படி என்றால், முன்காலைப் பின்னே இழுங்கள், அதே நேரத்தில் மற்றது தானாக முன்னே வரும். முன்னே தள்ளுவதை நினைத்தால் உடம்பு பின்னால் சாய்ந்துவிடும், பின்னே இழுப்பதை நினைத்தால் இடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு மாற்றத்துக்கு மெதுவாக நான்கு எண்ணுங்கள். பாதங்கள் எந்த இடத்திலும் நிற்கக் கூடாது, ஊஞ்சல் மாதிரி தொடர்ந்து போய் வர வேண்டும். கம்பு திரும்பினால் தோள் திரும்புகிறது என்று அர்த்தம்.

தலைக்கு மேலே கொடிக்கயிறு ஒன்று கட்டிக்கொள்ளுங்கள், மடிந்த நிலையில் நிற்கும்போது தலைக்கு மேல் நான்கு விரல் இடைவெளி. கால் மாற்றும்போது தலை கயிற்றைத் தொட்டால் அளவுக்கு மீறி எழுந்துவிட்டீர்கள். புதியவர்கள் எல்லோரும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் முழுசாக எழுந்து, மறுபடி தொப்பென்று உட்காருவார்கள், பனியில் அந்த எழுந்த நொடியில்தான் சமநிலை போகும்.

முன்காலின் குதிக்கும் பின்காலின் விரலுக்கும் நடுவில் ஒரு சாணுக்கு மேல் போக வேண்டாம்.

எடை மெஷின் இருந்தால் எனக்குப் பிடித்த பயிற்சி இது. பின்காலை மெஷின் மேல் வையுங்கள், முன்காலுக்குக் கீழே அதே உயரத்துக்கு ஒரு பலகைத்துண்டு. தெலமார்க் நிலைக்கு இறங்கி, மெஷின் என்ன காட்டுகிறது என்று யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் 60 கிலோ என்றால் 24இல் இருந்து 30 வரை காட்ட வேண்டும். எனக்கு முதல் நாள் 11 காட்டியது, அதுவும் வலது கால் பின்னே இருக்கும்போது மட்டும். இடது கால் பின்னே இருந்தால் 23. வலது திருப்பத்தில் வலது கால்தானே பின்னே வரும்! ஆறு வாரம் பனியில் தெரியாத காரணத்தை வீட்டு மூலையில் ஒரு எண் காட்டிக்கொடுத்தது. அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு இறங்கி, எண் எவ்வளவு இருக்கும் என்று நானே சொல்லிவிட்டு, அப்புறம் பார்ப்பேன். மூன்று வாரத்தில் சொன்னதும் காட்டியதும் ஒன்றிரண்டு கிலோ வித்தியாசத்துக்குள் வந்துவிட்டது. வீடியோ ஒருபோதும் தராத உணர்வு அது, கண்ணால் பார்த்ததை உடம்பு எடைபோடக் கற்றுக்கொள்கிறது.

சரிவுக்கு வருவோம். தேயிலைக்கு நடுவே நேரே இறங்குகிற பாதை வேண்டாம், கொஞ்சம் குறுக்காக, தண்ணீர் வடிகிற கான் போகிற மாதிரி சாய்வாக இறங்குகிற பாதை. காய்ந்த நாளில், நல்ல பிடிப்புள்ள சப்பாத்தோடு. ஒரு அடி இறங்குங்கள், தெலமார்க் நிலையில் நில்லுங்கள், இரண்டு எண்ணுங்கள். இப்போது சோதனை: முன்காலை ஒரு விரல் அளவு தரையில் இருந்து தூக்கிப் பாருங்கள். முடிந்ததா? வைத்துவிட்டுப் பின்காலைத் தூக்குங்கள். அதுவும் முடிந்ததா? இரண்டும் உடம்பு ஆடாமல் முடிந்தால் நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். ஒன்று மட்டும் முடிந்தால் பாரம் எந்தக் காலில் என்று தெரிந்துவிடும். நெஞ்சு எப்போதும் தண்ணீர்க் கோட்டின் பக்கம், சட்டைப் பொத்தான்கள் பள்ளத்தைப் பார்க்க வேண்டும், பாதங்கள் மட்டும் குறுக்கே போகும். இருபது அடி அப்படி இறங்கி, திரும்பி மறுபக்கம் குறுக்கே இருபது அடி.

வாரத்தில் நான்கு நாள், இருபது நிமிடம். மே முதல் செப்டெம்பர் வரை மழையில் பாதை வழுக்கும், அட்டையும் ஏறும், அப்போது வீட்டுக்குள் பயிற்சி போதும். முழங்காலில் கூர்மையான வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், தொடை எரிவது பரவாயில்லை.

டுபாயில் வேலை செய்கிற நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே 2005இல் திறந்த ஸ்கி டுபாய் உள்ளரங்கில் 400 மீற்றர் நீளச் சரிவு இருக்கிறது. சாதாரண பலகையில் ஏறி விளிம்பு பிடிப்பது, நிறுத்துவது இரண்டையும் லீவு நாளில் பழகிக்கொண்டால், பின்னால் தெலமார்க் பலகையில் பாதி வேலை முடிந்த மாதிரி.

உங்களை நீங்களே படம் எடுப்பது

போனைக் குறுக்காக, இடுப்பு உயரத்தில், அசையாமல் வையுங்கள். மேலே இருந்து கீழ்நோக்கி எடுத்தால் முழங்கால் மடிவதே தெரியாது. தலையில் இருந்து பாதம் வரை முழு உடம்பும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். மெதுவாக ஓடும் வசதி இருந்தால் நொடிக்கு 120 அல்லது 240 சட்டகத்தில் எடுங்கள், 240இல் எடுத்து 30இல் ஓட்டினால் எட்டு மடங்கு மெதுவாகும். பக்கவாட்டிலும் எதிரேயும் ஒவ்வொன்று போதும்.

பக்கவாட்டில் எடுக்கும்போது இரண்டு காலும் ஒன்றையொன்று மறைத்து எது எது என்று தெரியாமல் போகும். இடது முழங்காலில் சிவப்புத் துணி, வலது முழங்காலில் மஞ்சள் துணி கட்டிக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பின் மேல் வெள்ளை ஒட்டுத்தாள் ஒன்று. அப்புறம் நிறுத்திப் பார்க்கும்போது, ஒட்டுத்தாளில் இருந்து நேராக ஒரு கோடு கீழே இழுத்தால் பின்முழங்கால் அதன் மேல் வருகிறதா என்று ஒரே பார்வையில் தெரியும்.

ஒப்பிடுவது, ஒரு நேரத்தில் ஒரு தவறு

ஆசிரியர் வீடியோவில் நிறுத்திய அதே மூன்று நொடியை உங்கள் வீடியோவிலும் நிறுத்தி, படமாகச் சேமித்து, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்துத் தவறு தெரியும். பத்தையும் திருத்தப் போனால் ஒன்றும் திருந்தாது. இந்த வரிசையில் போங்கள்.

பின்காலில் பாரம் வருகிறதா? இதுதான் முதலும் பெரியதும். பாரம் இல்லாத பின்பலகை நுனி அலைந்து, முன்பலகைக்குக் குறுக்கே போய்த் தட்டிவிடும். இது சரியாகும் வரை வேறு எதையும் தொடாதீர்கள், எனக்கு இது மட்டும் இரண்டு மாதம் எடுத்தது. அடுத்தது கால் இடைவெளி. நீளமாக விரித்தால் பின்முழங்கால் பலகையைத் தொடும், தொட்டால் அந்தக் காலைக் கட்டுப்படுத்த முடியாது, கல் இருந்தால் முழங்காலுக்கும் ஆபத்து. பாரம் சரியானால் பாதிப் பேருக்கு இடைவெளி தானாகவே சுருங்கிவிடும். மூன்றாவது கைகள், இரண்டும் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஒரு தட்டில் தேத்தண்ணி கொண்டு போகிற மாதிரி. கை பின்னே போனால் தோள் சுழலும், தோள் சுழன்றால் பின்பலகை வழுக்கிக்கொண்டு போகும். இடுப்பில் குனிவதும் இதோடு சேர்ந்தது.

கடைசியாக நேரம். நிறையப் பேர் முதலில் கால் மாற்றிவிடுகிறார்கள், காத்திருக்கிறார்கள், அப்புறம் திரும்புகிறார்கள். நன்றாகச் சறுக்குகிறவரிடம் கால் மாற்றமும் திருப்பமும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடியும். பலகை தண்ணீர்க் கோட்டில் நிற்கும்போது மாற்றம் பாதியில் இருந்து கொஞ்சம் கூடுதலாக நடந்திருக்கும், திருப்பம் முடியும்போதுதான் முழு ஆழம் வரும். இதைச் சட்டகம் சட்டகமாக எண்ணிப் பார்க்கலாம். ஆசிரியருக்கு மாற்றம் தொடங்கி முடிய எத்தனை சட்டகம், உங்களுக்கு எத்தனை? எனக்குக் கால்வாசி நேரத்திலேயே முடிந்துவிட்டிருந்தது, அவசரம்.

ஒவ்வொரு முறையும் ஒரு கொப்பியில் ஒரே ஒரு வரி எழுதிவையுங்கள்: திகதி, எந்தத் தவறு, எவ்வளவு மாறியது.

பனியில் இறங்கும் நாள்

போன அன்றைக்கே தெலமார்க் நிலைக்குப் போக வேண்டாம். முதல் நாள் குதிகால் தரையில் இருக்கட்டும், தெலமார்க் பலகையிலும் சாதாரணமாகத் திரும்பலாம், நிறுத்தலாம். நோர்வேயில் சரிவுகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் வைத்திருப்பார்கள், பச்சைதான் உங்கள் இடம். அடுத்து, பச்சைச் சரிவில் குறுக்கே போய்க்கொண்டே திரும்பாமல் கால் மாற்றுங்கள், வீட்டில் துணி மேல் செய்த அதே ஊஞ்சல். அது சுகமாக வந்த பிறகு, குறுக்கே போகும்போது மேட்டுப் பக்கம் மெதுவாக வளைந்து நிற்கிற ஒற்றைத் திருப்பம், இரண்டு பக்கமும். அதற்கப்புறம்தான் தண்ணீர்க் கோட்டைக் கடந்து முழுத் திருப்பம்.

ஒரு பக்கம் மட்டும் வரவில்லை என்றால் ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது: ஒரே காலை முன்னே வைத்துக்கொண்டு, மாற்றாமல், இரண்டு பக்கமும் திரும்பி இறங்குங்கள். தவறான கால் முன்னே இருக்கும்போதும் திரும்ப முடிகிறது என்றால் பாரம் இரண்டு காலிலும் இருக்கிறது என்று அர்த்தம். என் வலது பக்கத்தைத் திறந்துவிட்டது இதுதான்.

படம் எடுப்பவர் கீழே நிற்கட்டும், சரிவின் ஓரமாக, மற்றவர்கள் வருகிற வழியை மறிக்காமல். குளிரில் போன் பட்டரி மளமளவென்று இறங்கும், உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை எடுத்தால் போதும். அதற்கு மேல் எடுத்தால் சறுக்குவதை விட்டுவிட்டுக் கமெராவுக்கு நடிக்கத் தொடங்கிவிடுவோம். எடுத்ததை உள்ளே உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது பாருங்கள், நாற்காலி லிப்டில் கையுறையைக் கழற்றிப் போனை நோண்ட வேண்டாம்.

பாதுகாப்பு விஷயத்தில் தயவு செய்து கவனமாக இருங்கள். தலைக்கவசம் இல்லாமல் இறங்காதீர்கள். பழைய 75 மில்லிமீற்றர் கட்டுகள் பெரும்பாலும் விழும்போது தானாகக் கழறாது, பலகை காலோடு சேர்ந்து முறுக்கும். வாடகைக்கு எடுக்கும்போது இது கழறுமா என்று கட்டாயம் கேளுங்கள், கழறாது என்றால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். சறுக்கு மைதானத்துக் கோட்டுக்கு வெளியே போகாதீர்கள். மலையில் இருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழுகிற ஆபத்தைப் படித்தறிவது தனிக் கல்வி, சறுக்கப் பழகிய வீடியோ அதைச் சொல்லித்தராது.

கையில் காசு இருந்தால் ஒரே ஒரு மணி நேரம் நேரடி ஆசிரியரிடம் எடுங்கள், ஆனால் நான்கைந்து நாள் பழகிய பிறகு. போகும்போது உங்கள் வீடியோவைக் காட்டி, "இந்த இடத்தில் பின்கால் ஏன் வழுக்குகிறது" என்று கேளுங்கள். எட்டு மாதம் பார்த்துப் பழகிய கண்ணோடு கேட்கிற கேள்விக்கு வருகிற பதில் வேறு மாதிரி இருக்கும். என் ஆசிரியர் இரண்டு திருப்பம் பார்த்துவிட்டு, பின்பாதத்தின் சுண்டுவிரலை அழுத்து, அவ்வளவுதான் என்றார். ஒரு மணி நேரத்தில் மிச்ச நேரம் முழுக்க அதைத்தான் செய்தோம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அதே குறுக்குப்பாதையில், அதே கல்லின் மேல் போனை வைத்து, முழங்காலில் அதே சிவப்பு, மஞ்சள் துணி கட்டி இன்னொரு தடவை எடுங்கள். போன வருடத்து வீடியோவோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தால் அடுத்த குளிர்காலத்துக்கு எதில் தொடங்குவது என்று தெரியும். எனக்கு இப்போது கைகள்தான் மிச்சம், இடது கை இன்னும் பின்னே போகிறது. நேற்றுக் காலையில் அம்மாவும் அதைத்தான் சொன்னார்.